ஜமீன், அயன், எஸ்டேட்

கல்லிடைக்குறிச்சியைத் தாண்டி மணிமுத்தாறு அணைப் பக்கம் போனால் இரண்டு சிங்கம்பட்டிகள் இருக்கின்றன. ஒன்று ஜமீன் சிங்கம்பட்டி. மற்றது அயன் சிங்கம்பட்டி. இரண்டுக்கும் மேற்கே அதே மலை, சுற்றிலும் அதே வயல். பேச்சிலோ சாப்பாட்டிலோ எனக்கு வித்தியாசம் எதுவும் தட்டுப்படவில்லை. ஆனால் ஊர்ப் பலகையில் அந்த முன்னொட்டை மறக்காமல் எழுதியிருக்கிறார்கள். விட்டுவிட்டால் விருந்தாளி வேறு ஊரில் போய் இறங்குவார்.

தென்மாவட்டங்களில் பஸ்ஸில் அலைகிறவர்களுக்கு இது புதிதல்ல. கோவில்பட்டிப் பக்கம் இனாம் மணியாச்சி, விளாத்திகுளம் பக்கம் அயன் வடமலாபுரம், ராஜபாளையம் பக்கம் ஜமீன் கொல்லங்கொண்டான். பொள்ளாச்சியில் ஜமீன் ஊத்துக்குளி உண்டு. சென்னைக்காரர்களுக்கு ஜமீன் பல்லாவரம். அந்த ஊர்க்காரர் ஒரு காலத்தில் நிலத்தீர்வையை யார் கையில் கொடுத்தார் என்பதைத்தான் இந்த முன்னொட்டுகள் சொல்கின்றன. சர்க்காருக்கு நேரே கட்டினால் அயன். ஜமீந்தாரிடம் கட்டினால் ஜமீன். கோயிலுக்கோ மடத்துக்கோ வித்வானுக்கோ அந்தத் தீர்வையை விட்டுக்கொடுத்திருந்தால் இனாம். அந்த ஏற்பாடுகள் எல்லாம் ஒழிந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. தபால் ஆபீசும் போக்குவரத்துக் கழகமும் இன்னும் பழைய கணக்கையே ஒப்பித்துக்கொண்டிருக்கின்றன.

பக்கத்து சீட்டில் பூச்சிமருந்து பாட்டிலோடு உட்கார்ந்திருந்த பெரியவரிடம் கேட்டேன்.

“அயன்னா என்ன அண்ணாச்சி?”

“அயன்னா நயம். அயனான சரக்குன்னு சொல்லுவோம்லா?” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்படிப் பாத்தா நாங்க மட்டம்னு ஆயிப்போவும். நான் ஜமீன் ஊர்க்காரன்லா” என்று அவரே சிரித்தார்.

அவர் சொன்னது சரிதான். அரபியில் ‘ஐன்’ என்றால் கண், ஊற்று, அசல் என்று பல பொருள். கணக்குப்பிள்ளை கைக்குப் போனபோது அது இடைத்தரகர் இல்லாத அசல் சர்க்கார் நிலம் ஆனது. கடைத்தெருவுக்கு வந்தபோது கலப்படமில்லாத சரக்கு ஆனது.

ஜமீன் என்ற சொல்லின் கதை இன்னும் வேடிக்கை. பாரசீகத்தில் அதற்கு மண், நிலம், பூமி என்றுதான் பொருள். இந்தி, உருது பேசுகிறவர் இன்றைக்கும் ஊருக்கு வெளியே கால் ஏக்கர் வாங்கினாலும் ‘ஜமீன்’ வாங்கினேன் என்பார். ‘தார்’ என்பது வைத்திருப்பவர். தாசில்தார், ஹவில்தார், சுபேதார் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டிருப்பது அதே தார்தான். ஆக ஜமீந்தார் என்றால் நிலத்தை வைத்திருப்பவர். தமிழுக்கு வந்ததும் அந்த ஜமீன், மண்ணைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பெயராகிவிட்டது. ஆளுக்குப் பெயர்: “ஜமீன் வந்திருக்காரு.” குலத்துக்குப் பெயர்: “ஜமீன் பரம்பரை.” வீட்டுக்கு, எல்லைக்கு, மிடுக்குக்கு, கடைசியில் கிண்டலுக்கும் பெயர்: “பெரிய ஜமீன் இவரு.” ஆனால் ‘ரெண்டு ஏக்கர் ஜமீன் வாங்கிப் போட்டிருக்கேன்’ என்று அம்பாசமுத்திரத்தில் ஒருவர் சொன்னால், அவரை ஏற இறங்கப் பார்ப்பார்கள். சினிமா இதற்கு இன்னும் மெருகு போட்டது. பட்டுச் சட்டை, சாட்டை, முறுக்கு மீசை, ராத்திரியில் கொலுசுச் சத்தம் கேட்கும் பங்களா. நிலம் மட்டும் படத்தில் வராது.

இந்தச் சொல் இங்கே சொந்தமாக முளைத்ததும் இல்லை. நாயக்கர் காலம் தொட்டு இந்தப் பக்கம் புழங்கிய சொல் பாளையம். பாளையம் என்றால் படை தங்கும் இடம். சங்க நூல்களில் பாசறை, பாடி, கட்டூர் என்றெல்லாம் வருகிற அதே பொருள்தான். மதுரையில் விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார்கள், மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களில் ஆளுக்கொன்றைக் காக்கும் பொறுப்பைக் கொடுத்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பாளையக்காரர் படை வைத்திருக்க வேண்டும், கூப்பிட்டால் வர வேண்டும், கப்பம் கட்ட வேண்டும், தன் எல்லைக்குள் காவல் பார்க்க வேண்டும். தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே சொல் வேறு ஒலியில் உண்டு. வெள்ளைக்காரன் வாயில் அது ‘போலிகார்’ ஆனது.

நான் அன்று காலை கிளம்பியதே பாளையங்கோட்டையிலிருந்துதான். மேலப்பாளையமும் பக்கத்திலேயே. பேர் சொல்லிச் சொல்லி உள்ளே இருக்கும் படை நம் காதில் விழுவதே இல்லை. கோபிசெட்டிபாளையத்திலும் உத்தமபாளையத்திலும் டிக்கெட் வாங்குகிறவர் யாரும் கூடாரத்தையும் குதிரையையும் நினைத்துக்கொள்வதில்லை.

திருநெல்வேலிச் சீமையில் கிழக்கே கரிசல் காட்டுப் பாளையங்கள் பெரும்பாலும் தெலுங்கு பேசியவர்களுடையவை: பாஞ்சாலங்குறிச்சி, எட்டயபுரம், நாகலாபுரம். மேற்கே மலையடிவாரப் பாளையங்கள் மறவர்களுடையவை: சிவகிரி, ஊத்துமலை, சொக்கம்பட்டி, சிங்கம்பட்டி. (சீமை என்ற சொல்லையும் சும்மா விட முடியாது. எல்லை என்று பொருள் தரும் வடசொல். சிவகங்கைச் சீமை என்றால் சொந்த மண். சீமைத்துரை, சீமை எண்ணெய், சீமைக் கருவேலம் என்றால் கடல் கடந்து வந்தது. ஒரே சொல் வீட்டுக்குள்ளும் நிற்கும், வாசலுக்கு வெளியேயும் நிற்கும்.)

1799 அக்டோபர் 16-ல் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801-ல் ஊமைத்துரையும் மருது சகோதரர்களும் நடத்திய போர் முடிந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் பெயரில் ஓர் அறிவிக்கை வந்தது. பாளையக்காரர்கள் இனி படை வைக்கக் கூடாது, ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும். கோட்டைகளை இடித்தார்கள். கார்ன்வாலிஸ் 1793-ல் வங்காளத்தில் கொண்டுவந்த நிரந்தரத் தீர்வை முறையைச் சென்னை மாகாணம் 1802-ல் சட்டமாக்கியிருந்தது. அதன்படி மிச்சமிருந்த பாளையக்காரர்களுக்கு 1803 வாக்கில் ‘சன்னது’ என்ற காகிதம் கொடுக்கப்பட்டது. ஆண்டுக்கு இவ்வளவு என்று சர்க்காருக்குப் பேஷ்குஷ் (கப்பம்) கட்டிவிட்டு, குடிகளிடம் வசூலித்துக்கொள்ளலாம். காகிதத்தை வாங்கியவர் அன்று முதல் ஜமீந்தார்.

முகலாயர் காலத்து வங்காளத்திலும் ஜமீந்தார் வரியை வசூலித்து அதில் பங்கு எடுத்துக்கொள்ளும் உரிமைக்காரர்தான். மண்ணுக்கு முழுச் சொந்தக்காரர் இல்லை. கம்பெனிதான் இங்கிலாந்துப் பண்ணைப் பிரபுவை மனதில் வைத்துக்கொண்டு அவரை உடைமைக்காரர் ஆக்கியது. தெற்கே அந்தப் பெயரை இறக்குமதி செய்து, நேற்றுவரை வேல்கம்போடு நின்றவருக்குச் சூட்டியது. பெயர் மாறியது என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் தொழில் மாறியது. காவல்காரரை வசூல்காரர் ஆக்கிவிட்டார்கள். பின்னால் தாமஸ் மன்றோ பிடிவாதமாக நின்று, குடிகளே சர்க்காருக்கு நேரே தீர்வை கட்டும் ரயத்துவாரி முறையைப் பரப்பினார். அதில் வந்த ஊர்கள்தான் அயன். ஒரே சிங்கம்பட்டி இரண்டாகப் பிரிந்து நிற்கும் ரகசியம் இதற்குள் இருக்கிறது.

ஜமீன் சிங்கம்பட்டியில் இறங்கியபோது உச்சி வெயில். அரண்மனைக் கதவு சாத்தியிருந்தது. எதிர்ப் பக்கம் நிழல் பார்த்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். கடைசி ஜமீந்தார் முருகதாஸ் தீர்த்தபதி 2020 மே மாதம் காலமானார். ஜமீன் முறை ஒழிவதற்கு முன்பே, குழந்தைப் பருவத்தில் பட்டம் கட்டிக்கொண்டவர் அவர். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் ராஜ உடையில் அவர் வீற்றிருப்பதைப் பார்க்க ஜனங்கள் காட்டுக்குள் திரள்வார்கள்.

“ராஜா தவறின வருஷம் கொரோனா. பாக்கக்கூட முடியல” என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர். ஜமீந்தார் என்று அவர் வாயிலிருந்து ஒரு தடவையும் வரவில்லை. ராஜா, ராஜாதான். தீர்த்தபதி என்ற பட்டத்தையும் அவரே விளக்கினார். பாணதீர்த்தம், கல்யாண தீர்த்தம் என்று மலையில் விழுகிற தீர்த்தம் எல்லாம் அரண்மனை எல்லைக்குள் இருந்தனவாம். “தண்ணிக்கே ராஜா, பாத்துக்கிடுங்க.”

அந்த எல்லையிலிருந்து ஒரு பெரிய துண்டு கைமாறிய கதைக்கு ஊரில் எல்லோரும் சொல்லும் காரணம் ஒரு கொலை வழக்கு. மைனர் வாரிசுகளின் சொத்தைச் சர்க்கார் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் மூலம் நிர்வகித்த காலம் அது. வருங்கால ஜமீந்தார்களுக்கு இங்கிலீஷும் கிரிக்கெட்டும் நாகரிகமும் கற்றுக்கொடுக்க, சென்னை தேனாம்பேட்டையில் நியூயிங்டன் என்ற பள்ளி நடந்தது. 1919-ல் ஒரு ராத்திரி அதன் தலைமை ஆசிரியர் டி லா ஹே தூங்கும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். பழி அங்கே தங்கிப் படித்த ஜமீன் வாரிசுகள் மேல் விழுந்தது. கடம்பூர் மைனர் குற்றவாளிக் கூண்டில் நின்றார், சிங்கம்பட்டி மைனர் அப்ரூவர் ஆனார். கடம்பூர்க்காரர் விடுதலையானார். சுட்டது யார் என்று முடிவாகவே இல்லை. அந்த வழக்குச் செலவில் அரண்மனை கடனில் மூழ்கியது என்பது ஊர்ப்பேச்சு. எப்படியோ, 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் தன் மலைக்காட்டில் சுமார் 8,370 ஏக்கரைப் பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்தது.

அந்தக் கம்பெனியும் லேசுப்பட்டதல்ல. 1863-ல் வாலஸ் சகோதரர்கள் தொடங்கியது. பர்மா தேக்குதான் முதல் வியாபாரம். மரத்துக்கான தீர்வையைச் சரியாகக் கட்டவில்லை என்று பர்மா அரசு அதற்கு விதித்த அபராதம்தான் 1885-ல் ஆங்கிலேயர் படையெடுக்கச் சாக்கானது. மன்னர் திபாவைக் கப்பலேற்றி ரத்னகிரிக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். ஓர் அரியணை கவிழ்ந்த கணக்கைப் பின்னால் வைத்திருந்த கம்பெனியோடு சிங்கம்பட்டி கையெழுத்துப் போட்டது.

மறுநாள் அந்தக் குத்தகைக் காட்டைப் பார்க்க வனத்துறை அனுமதியோடு மலை ஏறினேன். மணிமுத்தாறு செக்போஸ்டில் பையைத் திறந்து பிளாஸ்டிக் இருக்கிறதா என்று துழாவினார்கள். 1958-ல் கட்டிய அணையின் நீர்ப்பரப்பு கீழே நழுவி, அருவிச் சத்தம் வந்து போய், அதன்பின் ரோடு காட்டுக்குள் நுழைந்தது. ரோடு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். எதிரே ஒரு வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போயாக வேண்டும். வளைவுகளில் வண்டி மூச்சு வாங்கும்போதெல்லாம் முன்சீட்டில் இருந்த அம்மாள் கையில் இருந்த கோழியை இன்னொரு முறை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு காடு சட்டென்று விலகியது. மாஞ்சோலை.

மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. ஐந்தும் நல்ல தமிழ்ப் பெயர்கள். ஆனால் அங்கே வாழ்ந்தவர்கள் தங்கள் ஊரை ஊர் என்று சொல்வதில்லை. எஸ்டேட் என்பார்கள். “எஸ்டேட்ல பொறந்தேன்”, “எஸ்டேட்டுக்குக் கெட்டிக் கொடுத்தாவ.” அடிவாரத்துக்கு ‘கீழ’ என்று பெயர், முதலாளிக்குக் ‘கம்பெனி’ என்று பெயர்.

தேயிலையைப் பல மலைகளில் பார்த்திருக்கிறேன், பூத்துப் பார்த்ததில்லை. இடுப்பளவு பச்சைப் பாய் என்றுதான் நமக்கு அது பழக்கம். கொழுந்து பறித்தும் நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை கவாத்து வெட்டியும் அதைக் குள்ளமாகவே நிறுத்தி வைக்கிறார்கள். கை படாமல் விட்டால் தேயிலை மரமாகும். நாலுமுக்குப் பக்கம் அதைக் கண்ணால் பார்த்தேன். வரிசைகளுக்கு நடுவே நடைபாதை மூடிப்போய், செடிகள் என் தலைக்கு மேல் கிளைத்திருந்தன. வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தம் அடர்ந்து, இலந்தைப்பழ அளவில் பூக்கள் தலைகுனிந்து தொங்கின. லேசான வாசனை. இடையில் உண்ணிச்செடி புகுந்துவிட்டது. அழகாகத்தான் இருந்தது. அழகு என்று வாய்விட்டுச் சொன்னபோது கூட வந்த அக்கா முகத்தைச் சுளித்தார்.

“பூ வந்தா கங்காணி ஏசுவாரு. பூவுல என்ன கிலோ இருக்கு?”

அவருடைய ஆச்சி காலத்தில் வந்த குடும்பம். காடு வெட்டியது, கன்று நட்டது, ரோடு போட்டது எல்லாம் அந்தத் தலைமுறை. சம்பள உயர்வு கேட்டு இந்தத் தொழிலாளர்கள் நடத்திய போராட்டம்தான் 1999 ஜூலை 23-ல் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் முன்னால் தடியடியில் முடிந்தது. கலைந்து ஓடியவர்கள் தாமிரபரணியில் விழுந்தார்கள். இரண்டு வயதுக் குழந்தை உட்பட 17 பேர் இறந்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் கொக்கிரகுளத்தில் ஆற்றில் மலர் தூவுகிறார்கள். மாஞ்சோலை என்றால் குளிர்வாசஸ்தலம் என்று மட்டும் நினைக்கிற சுற்றுலாக்காரர்கள் போகும் வழியில் அந்த ஆற்றைக் கடந்துதான் போகிறார்கள்.

எஸ்டேட் என்ற சொல்லுக்கு வருகிறேன். லத்தீனில் நிற்கும் நிலை, அந்தஸ்து என்ற பொருளில் கிளம்பி, பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்து, அங்கே பிரபுவின் நிலவுடைமை ஆனது. சென்னை மாகாணச் சட்டமோ ஜமீனைக் குறிக்கவே அந்தச் சொல்லை எடுத்தாண்டது. 1908-ல் வந்தது எஸ்டேட் நிலச் சட்டம். அதில் எஸ்டேட் என்றால் தேயிலை அல்ல, ஜமீன். சுதந்திரத்துக்குப் பிறகு, 1948-ல் வந்த ஒழிப்புச் சட்டத்தின் பெயரிலும் அதே எஸ்டேட். எஸ்டேட்டுகளை ஒழித்து ரயத்துவாரியாக மாற்றும் சட்டம். அதன் கீழ்ச் சிங்கம்பட்டி ஜமீன் சர்க்கார் கைக்குப் போனது. அரண்மனைக்குப் பேர் மிஞ்சியது, மலை போயிற்று.

மலைமேல் இருந்த எஸ்டேட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜமீனுக்குப் பதிலாக அரசு குத்தகை கொடுப்பவர் ஆனது, 99 ஆண்டுக் கணக்கு தொடர்ந்து ஓடியது. ஆக, அதே மலையில் எஸ்டேட் என்ற பெயருள்ள ஒன்று எஸ்டேட் என்ற பெயராலேயே ஒழிந்தது. அதே பெயருள்ள இன்னொன்று எழுபது ஆண்டு கூடுதலாகக் கொழுந்து பறித்தது. சட்டம் எழுதியவர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் எண்ணத்தில் ஒழிக்க வேண்டியவர் தலைப்பாகை கட்டியவர். தொப்பி போட்டவரும் அதே சொல்லுக்குள் உட்கார்ந்திருப்பது சட்டத்தின் கண்ணுக்குப் படவில்லை. குடிகளுக்குப் பட்டா கொடுத்தது அந்தச் சட்டத்தின் பெரிய காரியம், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பட்டா கிடைத்தது உழுதவனுக்கு. கூலிக்குக் கொழுந்து கிள்ளியவர் எந்தக் கணக்கிலும் குடி இல்லை.

இப்போது மலைக்கு நான்காவது பெயர் வந்திருக்கிறது. 1962-ல் அறிவித்த முண்டந்துறை சரணாலயமும் 1976-ல் அறிவித்த களக்காடு சரணாலயமும் 1988-ல் ஒன்றாகிக் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் ஆயின. மாஞ்சோலையைச் சுற்றி இருப்பதெல்லாம் அந்தக் காப்பகம்தான். குத்தகை 2028-ல் முடிய வேண்டும். அதற்குள் 2024-ல் கம்பெனி விருப்ப ஓய்வு அறிவித்து வேலையை நிறுத்திக்கொண்டது. அரசின் டான்டீ கழகமே தோட்டத்தை எடுத்து நடத்தட்டும் என்று தொழிலாளர்கள் சார்பில் வழக்குப் போட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. காடு காடாகட்டும், ஆட்களுக்கு மறுவாழ்வு கொடுங்கள் என்பதே தீர்ப்பின் சாரம். சிங்கவால் குரங்கும் இருவாச்சியும் உள்ள மலை, தாமிரபரணிக்குத் தண்ணீர் தரும் மலை. காடாவது நல்லதுதான் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் பாளையமாக இருந்தபோதும் ஜமீனாக இருந்தபோதும் எஸ்டேட்டாக இருந்தபோதும் பெயர் வைத்தவர் ஒருவர், வேலை பார்த்தவர் வேறொருவர் என்றே இருந்திருக்கிறது. காப்புக்காட்டிலும் அப்படியே தொடர்வதுதான் உறுத்துகிறது.

லைன் வீடுகளில் பல பூட்டிக் கிடந்தன. சிலவற்றில் புகை வந்தது. அக்கா வீட்டில் கட்டன்சாயா கொடுத்தார். கடைசியாகக் கம்பெனியில் கொடுத்த தூளில் மிச்சமாம்.

திரும்பும்போது அம்பாசமுத்திரத்தில் அவருடைய தம்பியைப் பார்த்தேன். மலையிலிருந்து இறங்கி இரண்டு அறை வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறார். பெயிண்டிங் வேலைக்குப் போகிறார். மகனுடைய பள்ளிக்கூடத்தில் முகவரிச் சான்று கேட்டிருந்ததால் ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் மேஜை மேல் விரித்துக் கிடந்தன. எல்லாவற்றிலும் நாலுமுக்கு எஸ்டேட், சிங்கம்பட்டி என்றுதான் இருந்தது.

“ஈ-சேவையில கொடுத்தா ஒரு வாரத்துல மாத்திருவாவளே, தம்பி” என்றேன்.

“மாத்தலாம் சார். மாத்திட்டா, நாங்க அங்க இருந்தோம்ங்கறதுக்கு வேற காயிதம் எது இருக்கு? கேஸ் முடியட்டும்” என்று சொல்லிவிட்டு, வீட்டுக்காரரிடம் வாடகை ஒப்பந்தம் எழுதி வாங்கிப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தால் போதுமா என்று என்னிடம் கேட்டார்.